என் மகளின் சைக்கிளும் நானும்

போன வருடம் சித்திரை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே வழக்காக இருந்தது. மகள் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். நடந்தால் அரை மணி நேரம். வேனில் ஏற்றிவிட்டால், தெருத்தெருவாக நின்று மற்ற பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம். அதனால் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். வாங்கலாம் என்றுதான் என் கணவரும் சொன்னார். எப்போது வாங்குவது, என்ன சொல்லி வாங்குவது என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

"கார்த்திகையில அவ பொறந்த நாள் வருதுல்லா, அன்னைக்கு வாங்குவோம்" என்றார் அவர்.

"ஸ்கூல் ஜூன்ல தொறக்குது. கார்த்திகை வரைக்கும் பிள்ளை பறந்தா போகும்?"

"வேன்ல போகட்டும். சைக்கிளுங்கிறது சோப்பு, பேஸ்ட்டு மாதிரி லிஸ்ட்டு எழுதி வாங்குற சாமானா? காத்துக் கெடந்து வாங்குனாத்தான் அதோட அருமை தெரியும்."

அவரைக் கஞ்சர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். தோட்டத்துக் கிணறுகளிலும் மில்களிலும் கருகிப்போன மோட்டார்கள் அவர் கடைக்கு வந்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டு திரும்பிப் போகும். நாள் பூராவும் கருகல் வாடையில் உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, வீட்டில் எது நடந்தாலும் அவருக்கு அது விசேஷமாக இருக்க வேண்டும். ஒரு மிக்ஸி வாங்கினால்கூட அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு முழம் பூ, தெருவுக்கே மிட்டாய். அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு சைக்கிள் கிடைத்ததாம். மூன்று வருடம் கேட்டுக் கேட்டு, ஒரு தீபாவளிக்குக் கிடைத்தது. அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் முகம் பையன் முகமாகிவிடும்.

"அந்த மாதிரி ஒரு நாள் எனக்குப் பொறவு வரவே இல்ல" என்றார்.

"நம்ம கல்யாண நாளு?"

"அது வேற" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மகள் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டேதான் இருந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சைக்கிளு செருப்பு மாதிரியா, பட்டுப்பாவாடை மாதிரியா?"

"செருப்பு மாதிரி" என்றேன் நான். "பட்டுப்பாவாடை மாதிரி" என்றார் அவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, வாயிலிருந்த சோறு சிந்திவிட்டது.

நான் ஏன் அப்படி அடித்துப் பேசினேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். எனக்கு ஒரே அண்ணன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனுக்கு ஏழாம் வகுப்பிலேயே சைக்கிள் வந்துவிட்டது. பிறந்த நாள், தீபாவளி எதுவும் இல்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அப்பா தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். 'ஆம்பளப் பிள்ளைக்கு சைக்கிள் இல்லாம எப்படி' என்று அம்மா சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்கு எப்போது என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்குட்டி? ஸ்கூல் ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு" என்றார் அம்மா. அண்ணனுடைய பள்ளிக்கூடமும் பக்கத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் சைக்கிள் அவனுக்கு அவசியம், எனக்கு ஆசை. அவசியத்துக்கு உடனே வாங்குவார்கள். ஆசைக்கு, பார்க்கலாம் என்பார்கள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினோராம் வகுப்பில் அரசாங்கம் எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்தது. எனக்கென்றா கொடுத்தது, வகுப்பில் எல்லோருக்கும்தான். பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி முன்கூடை. கையெழுத்துப் போட்டுவிட்டு என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தபோது அதில் இன்னும் கம்பெனிக் காகிதம் ஒட்டியிருந்தது. அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பார்த்திருக்க வேண்டும். பாதிப் பெண்களுக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்தவர்கள் மணியடித்துக்கொண்டே பறந்து போனார்கள். நாங்கள் இருபது, முப்பது பேர் புத்தம்புது சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு, ஊர்வலம் மாதிரி தேரடி வழியாக நடந்தோம். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஓட்டாவிட்டாலும் மணியடிக்கலாமே என்று வழியெல்லாம் அடித்துக்கொண்டே போனோம்.

வீட்டில் அந்த சைக்கிள் ஒன்பது நாள் இருந்தது. பத்தாவது நாள் சுந்தரபாண்டியத்திலிருந்து சித்தப்பா வந்தார். அவருக்கு அங்கே வயல். வீட்டிலிருந்து வயலுக்கு நடந்தே போய் வந்துகொண்டிருந்தார். "இவ என்ன ஓட்டவா போறா, சும்மாதான நிக்கி" என்றார் அப்பா. சித்தப்பா என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அதில் ஏறிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பொங்கலுக்குப் போனபோது அந்த சைக்கிளின் பின்னால் ஒரு புல்லுக்கட்டு இருந்தது. முன்கூடையில் தூக்குவாளி இருந்தது. அது நன்றாக வாழ்ந்தது. எனக்குத்தான் ஓட்டத் தெரியாமலே போய்விட்டது.

மகள் செருப்பா, பட்டுப்பாவாடையா என்று கேட்ட அன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கதையை என் கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தட்டைக் கழுவுகிறேன் பேர்வழி என்று குழாயடியிலேயே நின்றார். பிறகு வந்து, "சரி, ஜூன்லயே வாங்கிருவோம்" என்றார்.

ஆனால் அவர் அவர்தானே. பள்ளிக்கூடம் திறப்பதற்கு நான்கு நாள் முன்னால், சைக்கிள் கடையிலிருந்து ஆள் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். அவர் தன் வைண்டிங் கடையை அடைத்துவிட்டு தானே போய் எடுத்துவந்தார். ஆரஞ்சு நிறத்தில், வளர்கிற பிள்ளை என்று கொஞ்சம் பெரிய அளவாகப் பார்த்து எடுத்திருந்தார். அதன்மேல் கட்டில் விரிப்பைப் போட்டு மூடி, ஹேண்டில்பாரில் இரண்டு பலூன் கட்டி, மகள் டியூஷனிலிருந்து வரும்வரை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவள் வந்து விரிப்பை இழுத்ததும் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களோடு தமிழ். சந்தோஷமோ பதற்றமோ வந்தால் இரண்டும் கலந்துவிடும். அவரே சந்தனம் கொண்டுவந்து பொட்டு வைத்தார். இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து மகளை ஏற்றிவிட்டோம். பழம் நசுங்கிய சத்தத்தோடு அவள் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தாள். பக்கத்துத் தெருத் தோழியின் சைக்கிளில் அவள் எப்போதோ ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"இது செருப்பு வாங்குன மாதிரியாங்க இருக்கு?" என்று அவர் காதில் கேட்டேன்.

"செருப்புதான். கொஞ்சம் பூ வச்ச செருப்பு" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வாரம் அவள் சைக்கிளைத் தினமும் துடைத்தாள். இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்தாள். மூன்றாவது வாரம், சாயங்காலம் வந்ததும் ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாத்திவிட்டு உள்ளே ஓடிவர ஆரம்பித்தாள். அது சரிந்து 'டமார்' என்று விழும். என் கணவருக்கு அதைப் பார்த்தால் நெஞ்சே விழுந்த மாதிரி இருக்கும்.

"பாத்தியா? ஆறு மாசம் காத்துக் கெடந்து வாங்கியிருந்தா இப்படிப் போடுவாளா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். கம்பெனி வேனில் போய் வருவேன். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்து, சீருடையை மாற்றி, டீ அடுப்பில் வைக்கும் நேரம் அந்த 'டமார்' கேட்கும். பிள்ளை வந்துவிட்டாள் என்று அர்த்தம். சைக்கிளைப் பற்றி நினைக்கவே நேரமில்லாத அளவுக்கு அவளுக்கு அது பழகிவிட்டது. எனக்கு அந்த வயதில் கிடைக்காதது சைக்கிள் என்றா சொல்வேன்? அந்த அலட்சியம்தான் கிடைக்கவில்லை.

ஆடி மாதத்துக்கு முன்னால் ஒருநாள் வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. மகள் வீட்டுப்பாடத்தில் இருந்தாள். தலையைத் தூக்காமலே, "எம்மா, சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டு வா" என்றாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுட்டி."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு இரண்டு கையும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"சைக்கிளா? சைக்கிளு ஓட்டத் தெரியாதா ஒனக்கு?"

"தெரியாது."

"நாளைக்கு சாயங்காலம் கண்மாய்க் கரைக்கு வா" என்றாள். அவள் அப்பா கடைப் பையன்களிடம் பேசும் அதே தொனி.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு கண்மாய். கரை அகலமாக, மண் கெட்டியாக இருக்கும். மறுநாள் சுடிதார் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம் என்று நினைத்துக் கிளம்பினேன். எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டார். "நானும் வாரேன்" என்று செருப்பு மாட்டிக்கொண்டார். வழியில் மகளின் தோழிகள் இரண்டு பேர். கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு பேர் எனக்குக் கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

"கீழ பாக்காத, நேரா பாரு" என்றாள் மகள். "மிதி, மிதி, மிதிச்சாத்தான் நிக்கும்" என்றாள் ஒரு தோழி. "பயபடொத்து, பயபடொத்து" என்று எதிர்வீட்டு அம்மா தெலுங்கில் தைரியம் சொன்னார். ஆனால் அவர் சொன்ன விதத்தில், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றியது. மகள் பின்கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பதினோரு வயதுகூட ஆகாத பிள்ளை என்னை எப்படித் தாங்குவாள்? நான் இடதுபக்கம் சாய்ந்தால் அவளும் இடதுபக்கம். கடைசியில் இரண்டு பேரும் கரைச் சரிவில் இருந்த ஆமணக்குச் செடிகளுக்குள் போய் உட்கார்ந்தோம்.

முழங்கால் நன்றாக உரசிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது என் கணவர் பதறிப்போனார். "ஊருக்கெல்லாம் பேண்டேஜ் பேக் பண்ணி அனுப்புதவ வீட்டுல ஒரு துண்டு பேண்டேஜ் இல்ல" என்று அலமாரி அலமாரியாகத் தேடினார். கடைசியில் அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன்.

ஐந்து நாள் விழுந்தேன். ஆறாவது நாள், எதிரே ஒரு கோழி குறுக்கே வந்தது. அதைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஹேண்டிலைத் திருப்பினேன். கோழி தப்பியது. நானும் விழவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் பிடித்துக்கொண்டிருக்கிறாயா என்று மகளிடம் கேட்டேன். பதில் வரவில்லை. நிறுத்தத் தெரியாததால் கரையின் கடைசிவரை போய், அங்கிருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று திரும்பிப் பார்த்தேன். மகள் எங்கோ தூரத்தில், நான் ஏறின இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு வயது முப்பத்தைந்து. மூச்சு வாங்கியது. அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. எதிர்வீட்டு அம்மாவின் மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசியில் நின்றது. "இது நின்னுக்கிட்டுத் துருப்பிடிக்கதுக்கு நீ ஓட்டு" என்று அதை எனக்குக் கொடுத்துவிட்டார். டயர் மாற்றி, எண்ணெய் போட்டு, சாயங்காலம் சாயங்காலம் மகளும் நானும் கிளம்பிவிடுவோம். காய்கறிக் கடை, தையல் கடை, ரேஷன் கடை. ஒரு வேலையும் இல்லாவிட்டால் ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்வோம்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "சைக்கிள்லயே போவோமா?" என்றாள் மகள். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸும் லாரியும் ஓடுகிற பெரிய ரோடு. என் கணவர் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு, கருக்கலிலேயே கிளம்பினால், அவர் பைக்கில் பின்னாலேயே வந்தால், போகலாம் என்று இறங்கி வந்தார்.

கருக்கல் வெளுக்கும்போதே கிளம்பினோம். மகள் முன்னால், நான் நடுவில், அவர் கடைசியில் விளக்கைச் சிமிட்டவிட்டுக்கொண்டு. இடதுகைப் பக்கம் மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. ஆடிக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. நாங்கள் மிதித்ததைவிட அது தள்ளியதுதான் அதிகம். ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, நாம் பெரிய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு பஸ் ஜன்னலிலிருந்து யாரோ கைகாட்டினார்கள். மகள் ஒரு கையை விட்டு டாட்டா காட்ட, பின்னாலிருந்து அவள் அப்பா போட்ட அதட்டலில் ஓரத்தில் மேய்ந்த ஆடுகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. கோபுரம் கண்ணுக்குத் தெரிந்ததும் நான் அறியாமலே மணியடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறான். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டான்.

"ஏட்டி! நீயா? சைக்கிள்லயா வந்த? ராஜபாளையத்துல இருந்தா?"

"ஆமா."

"ஒனக்கு ஓட்டத் தெரியாதுல்ல?"

"இப்பத் தெரியும்."

மதினி உள்ளேயிருந்து வந்து எங்கள் கால்களைத்தான் முதலில் பார்த்தாள். இட்லி வைத்தாள். எனக்கு அன்று எட்டு இட்லி போனது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் தன் வழக்கை மாமாவிடம் வைத்தாள். கோர்ட்டில் வேலை பார்ப்பவன் அல்லவா, அவனே தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அவள் எண்ணம்.

"மாமா, பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கிக் குடுக்கது அவசியமா, பரிசா? அம்மா அவசியம்ங்கா. அப்பா பரிசுங்காவ. நீங்க சொல்லுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "அவன்ட்ட கேளு. அவனுக்கு ஏழாங்கிளாஸ்லயே அவசியம்னு சொல்லி வாங்கிக் குடுத்தாங்க. நான் நடந்தே போனேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் அதில் கொஞ்சம் முள் இருந்தது. அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அது வந்த அன்னைக்கு சாயங்காலமே அம்மா என்ன சொன்னா தெரியுமா? 'சைக்கிளுதான் இருக்குல்லா, போயி ரேஷன்ல மண்ணெண்ணெய் வாங்கிட்டு வா'ன்னா. மறுநாள் மாவு மில்லு. அடுத்த நாள் அப்பாவ பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விடணும். பொறவு தெருவுல யாருக்கு என்ன வேணும்னாலும் 'உங்க பையன்ட்ட சைக்கிள் இருக்குல்லா'ன்னு வந்து நிப்பாவ. ஃபிரெண்டுக எல்லாம் கிரவுண்டுல வெளையாடுவானுவ. நான் கோதுமைப் பைய வச்சுக்கிட்டு மில்லு வரிசையில நிப்பேன். நீ வீட்டுல உக்காந்து கதப்புத்தகம் படிச்சுக்கிட்டு இருப்ப. குடுத்துவச்சவன்னு நெனைப்பேன்."

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தேன்.

"என்னப் பாத்தா?"

"ஒன்னப் பாத்துதான். எம்புட்டு வருஷம்! சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்னு அதுல ஒருநாள்கூட ஏறுனது இல்ல. எங்கயாவது போயிட்டு வரத்தான் ஏறுவேன். காலேஜு போனதும் மொத வேலையா அதத் தள்ளிவிட்டேன்."

சின்ன வயதில் நான் ஜன்னலில் உட்கார்ந்து அவன் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவனோ மாவு மில்லுக்குப் போகும்போது ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான். இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மகள் வாசலில் நின்ற தன் சைக்கிளைக் காட்டினாள்.

"அப்ப இன்னைக்கு ஒரு சுத்து சுத்துங்க மாமா. ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம்."

அண்ணன் முதலில் மாட்டேன் என்றான். இந்த உடம்பைச் சைக்கிள் தாங்குமா, தெருவில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றான். மதினி, "தெருவுல உங்கள யாரு பாக்கப்போறா, போங்க" என்று தள்ளிவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரஞ்சு சைக்கிளில் ஏறினான். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாருக்கு மேலே வந்தன. தெருவின் கடைசிவரை போனான். திரும்புவான் என்று பார்த்தோம். திரும்பவில்லை. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று போய், கால் மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தான். வேர்த்து ஊற்றியது. வரும்போதே மணியடித்துக்கொண்டு வந்தான். யாரும் குறுக்கே இல்லாத தெரு.

"பிரேக்கு செத்த டைட்டா இருக்கு. மத்தபடி நல்ல வண்டி" என்றான். இறங்கத்தான் இல்லை.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது, "ஊர் தாண்டுற வரைக்கும் நான் ஓட்டிட்டு வாரேன்" என்று மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டான். அவள் அப்பாவின் பைக்கில் ஏறிக்கொண்டாள். காலையில் எங்களை முதுகில் தள்ளிய காற்று இப்போது முகத்துக்கு நேரே அடித்தது. மிதித்தால் நகர்வதே தெரியவில்லை. துப்பட்டா பறந்தது, கண்ணில் மண் விழுந்தது. அண்ணனும் நானும் அடுத்தடுத்து, தலையைக் குனிந்துகொண்டு மிதித்தோம். ஊர் தாண்டியது. அவன் இறங்கவில்லை. "அந்தா அந்த டீக்கடை வரைக்கும்" என்றான். டீக்கடையில் டீ குடித்தோம். "சரி, அந்தப் பாலம் வரைக்கும்" என்றான். பாலமும் போனது. என் கணவர் பைக்கில் பக்கத்தில் வந்து, "மச்சான், இனிமே திரும்புறதும் ஒண்ணுதான், போறதும் ஒண்ணுதான்" என்றார்.

"யப்பா, அது எஞ் சைக்கிளு! அவிய குடுக்கவே மாட்டாவ போலுக்கே" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரோட்டில் சைக்கிள் ஓட்டியது அதுதான் முதல் தடவை. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. காற்றில் பேசினாலும் கேட்காது. லாரி வந்தால் அவன் எனக்குப் பின்னால் போய்விடுவான். லாரி போனதும் முன்னால் வந்து, காற்றை அவன் வாங்கிக்கொள்வான். அவனுடைய அகலமான முதுகுக்குப் பின்னால் மிதிப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது. ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்து, "முடியுதா?" என்று கேட்டான். "நீ முடியுதான்னு பாரு" என்றேன். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் ராஜபாளையம் வந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணனுக்கு நிற்க முடியவில்லை. இரண்டு தொடையும் நடுங்கின. பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மற்ற காலைக் கையால் தூக்கி வைத்தான். அந்த நிலைமையிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் நகரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான். எனக்கு மறுநாள் கம்பெனியில் குனிந்து பெட்டி எடுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டு வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. சைக்கிள் தினமும் பள்ளிக்கூடம் போகிறது. மழையில் நனைகிறது. பஞ்சர் ஆகிறது. என் கணவர் கார்த்திகைப் பிறந்த நாளுக்கு, அந்தப் பழைய சைக்கிளையே ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்து, புது மணியும் புது சீட் கவரும் போட்டு, பலூன் கட்டி நிறுத்தினார். மகள் முதல் தடவை பார்க்கிற மாதிரியே கத்தினாள். கடையில் வாங்கிய அன்று கத்தியதைவிட இது கொஞ்சம் அதிகம் என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

அண்ணன் வீட்டு சேதியைத்தான் சொல்ல வேண்டும். அவன் பஸ் ஏறிப் போன அடுத்த வாரம் மதினி போன் செய்தாள்.

"உங்க அண்ணன் சைக்கிள் கடைக்குப் போயிருக்காவ. எதுக்கு, பைக்குதான் இருக்கே, என்ன அவசியம்னு கேட்டேன். ஒரு அவசியமும் இல்லைன்னு சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே போறாவ."